1991 யூனோஸ் ரோட்ஸ்டர் வாங்கியிருக்கிறேன், எங்கே தொடங்குவது?

கூரையில்லாதவன் (கவென்ட்ரி), மார்ச் 2

வணக்கம். மூன்று வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இன்றுதான் எழுதுவதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. போன சனிக்கிழமை 1991 யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்றை வாங்கிவிட்டேன். மாஸ்டா எம்எக்ஸ்-5 தான்; ஜப்பானில் அதை யூனோஸ் என்ற பெயரில் விற்றார்கள். சிவப்பு நிறம், 1.6 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர், மீட்டரில் 1,42,000 கிலோமீட்டர். பொத்தானை அழுத்தினால் முன்விளக்கு இரண்டும் தவளைக் கண் மாதிரி மேலே எழும்புகின்றன. எட்டு வயது மகள் அந்தப் பொத்தானை விட்டு நகர மறுக்கிறாள்.

விற்றவர், "அடிப்பகுதி சுத்தம், பொட்டுத் துரு கிடையாது" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். கருப்பாக, பளபளவென்றுதான் இருந்தது.

பானெட்டும் முன் பம்பரும் வெளுத்துப்போயிருக்கின்றன; முதலில் அவற்றுக்குப் பெயின்ட். பிறகு சைலன்சர். எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று தெரியவில்லை, அதையும் மாற்ற வேண்டும். ஜூன் மாதம் கூரையை மடித்துவிட்டு வேல்ஸ் மலைப்பக்கம் ஓட்டிப் போக ஆசை. ஸ்பேனர் செட், ஜாக்கி, ஒரு கார் மட்டும் நிற்கும் ஷெட் இருக்கின்றன. ஆயில் மாற்றியிருக்கிறேன், பிரேக் பேடு மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான் அனுபவம். எந்த வரிசையில் போகலாம்?

பழைய இரும்பு (பர்மிங்ஹாம்), மார்ச் 2

வாழ்த்துகள் தம்பி. பெயின்ட் டப்பாவை இப்போது திறக்காதீர்கள்.

முப்பது வருடத்துக் காரின் அடிவயிறு கருப்பாகப் பளபளக்கிறது என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். விற்பதற்கு முந்தின வாரம் அடித்த தார்ப்பூச்சாக இருக்கும். கோயம்புத்தூரில் டிங்கரிங் பட்டறையில் பதினொரு வருடம் இருந்தவன் நான். ஓட்டையை மறைக்கப் பட்டி என்ற நிரப்பியை வைத்து, மேலே பூசி, "ஒரிஜினல் பாடி" என்று சொல்லி விற்ற வண்டிகளை எண்ணினால் விரல் போதாது.

இரண்டு சோதனை சொல்கிறேன். ஒரு குவளைத் தண்ணீர் எடுங்கள். கூரையைப் பாதி திறந்தால், கதவுக்குப் பின்னால், சீட் பெல்ட் தூணை ஒட்டி, கூரைத் துணியின் கீழ் ஒரு ரப்பர் வாய்க்கால் தெரியும். கூரையில் விழும் மழை அங்கேதான் இறங்கும். அதில் மெதுவாக ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், காருக்கு அடியில், அந்தத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக வந்து விழ வேண்டும். இரண்டு பக்கமும் பாருங்கள்.

அடுத்தது காந்தம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற சின்னக் காந்தம் போதும், பெயின்ட் கீறாமல் இருக்க மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். கதவுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடுகிற தகட்டுப் பெட்டி முழுவதும் அதை இழுத்துக்கொண்டே போங்கள். எங்கே பிடி விடுகிறதோ அங்கே பட்டி. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கூரையில்லாதவன், மார்ச் 3

அண்ணா, தண்ணீர்ச் சோதனை நாளைக்கு. இப்போது காந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். பானெட்டில் எங்கே வைத்தாலும் நழுவி விழுகிறது. முழுப் பானெட்டும் பட்டியா? இரவு தூக்கம் வராது போலிருக்கிறது.

யாழ் ரயர்கடை (கொழும்பு), மார்ச் 3

தம்பி, நிம்மதியாகப் படுங்கள். அந்தக் காரின் பானெட் அலுமினியம், காந்தம் ஒருநாளும் பிடிக்காது. பாரத்தைக் குறைக்க மாஸ்டா செய்த வேலை. உண்மையில் அங்கே காந்தம் பிடித்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

என்னிடம் அந்தக் கார் இல்லை. ஆனால் இங்கே ஓடுகிற கார்களில் பல ஜப்பானில் ஓடிக் களைத்து வந்தவைதான். அவற்றின் அடியில் படுத்தே என் தலை நரைத்தது. நீங்கள் துரு என்பதை நாங்கள் கறள் என்போம். பெயர் எதுவானாலும் தின்கிற விதம் ஒன்றுதான். அண்ணர் சொன்ன தகட்டுப் பெட்டியை வடிவாகப் பாருங்கள்.

கூரையில்லாதவன், மார்ச் 4

பார்த்துவிட்டேன். எழுதக் கை வரவில்லை.

இடப்பக்கம் ஊற்றிய தண்ணீர் அப்படியே கீழே வந்தது. வலப்பக்கம் ஊற்றினேன், கீழே ஒரு சொட்டு இல்லை. அரைக் குவளை உள்ளே போன பிறகு, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கம்பளத்தின் மேல் தண்ணீர் எட்டிப் பார்த்தது. கம்பளத்தைத் தூக்கினால் அடியில் உள்ள பஞ்சு ஏற்கெனவே ஊறி, குளத்துப் பாசி வாடை அடிக்கிறது.

காந்தம் வலப்பக்கக் கதவின் முன்மூலையிலிருந்து நன்றாகப் பிடித்துக்கொண்டே வந்தது. பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் சட்டென்று கீழே விழுந்தது. திருப்புளியின் பிடியால் தட்டினேன். மற்ற இடத்தில் 'டங்' என்ற சத்தம், அங்கே 'தப்'. சுரண்டினேன். கருப்புப் பூச்சு, அதன் கீழே சிவப்புப் பெயின்ட், அதன் கீழே விரல் தடிமனுக்குப் பட்டி. பட்டி ஒரு பாளமாகக் கழன்று வந்தது. பின்னால் தகடு இருக்க வேண்டிய இடத்தில் அலுமினிய வலை, அதற்கும் பின்னால் மஞ்சள் நிற நுரை. கதவுச் சட்டம் பொருத்தும்போது சுவர் இடுக்கில் பீய்ச்சி அடிப்பார்களே, அதே நுரை. அதைக் கிள்ளினால் தண்ணீர் பிழிகிறது.

வேகமுள் (லண்டன்), மார்ச் 4

நண்பா, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கைவிடுங்கள். உங்கள் எஞ்சின் நன்றாக ஓடுகிறது. துரு இல்லாத உடல் ஒன்றைத் தேடி வாங்கி, இதிலிருக்கிற எஞ்சின், கியர்பாக்ஸ், இருக்கை எல்லாவற்றையும் அதில் ஏற்றுங்கள். வெல்டிங் செலவு காரின் விலையைத் தாண்டும். நான் ஒருமுறை உணர்ச்சிவசப்பட்டுத் தாண்டவிட்டவன், அதனால் சொல்கிறேன்.

பழைய இரும்பு, மார்ச் 4

வேகமுள் சொல்வதில் கணக்கு சரி. ஆனால் வேறு உடல் வாங்கினாலும் அதிலும் இதே வாய்க்கால், இதே குழாய்தான். காரின் உரிமையாளர் குழாயைக் கவனிக்கவில்லை என்றால் ஐந்து வருடத்தில் அதுவும் இதே நிலைக்கு வரும்.

தம்பி, அந்த நுரையை வைத்தவனை மன்னிக்கவே கூடாது. பட்டி மட்டும் வைத்திருந்தால் தண்ணீர் எங்காவது ஒழுகிக் காய்ந்திருக்கும். நுரை பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் தகட்டுக்கு ஊட்டியிருக்கிறது.

இனி உங்கள் விருப்பத்துக்கு விட முடியாத ஒரு விஷயம். இங்கே வருடாந்தர எம்.ஓ.டி. சோதனையில், சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை உடலில் பொருத்தப்பட்ட இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு துருப்பிடித்து வலுவிழந்திருந்தால் தேறாது. நீங்கள் சொல்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் பெல்ட்டும் இருக்கிறது, பின் சஸ்பென்ஷனும் இருக்கிறது. அங்கே போடும் ஒட்டுத் தகட்டைச் சுற்றிலும் இடைவெளியில்லாமல் வெல்டிங் செய்ய வேண்டும். பட்டி, பசை, ரிவெட் எதுவும் செல்லாது.

ஹிரோஷிமா மழை (ஹிரோஷிமா), மார்ச் 5

இங்கிருந்து ஒரு சிறு குறிப்பு. ஜப்பானில் பெட்ரோல் கார் 13 வயதைத் தாண்டினால் வருட வரி சுமார் 15 சதவீதம் கூடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் ஷாக்கென் என்ற வாகனத் தகுதிச் சோதனைச் செலவு தனி. நல்ல நிலையில் இருந்த யூனோஸ்கள் பிரிட்டனுக்குக் கப்பலேறியதற்கு இதுவும் ஒரு காரணம். சாலையில் உப்புத் தூவாத ஊரில் ஓடிய கார்கள் பல, அடிப்பூச்சு அதிகம் இல்லாமல் உங்கள் குளிர்காலத்துக்குள் வந்து இறங்கின. மேலே மழை, கீழே உப்பு.

மாஸ்டாவே இந்த முதல் தலைமுறைக் காரைப் புதுப்பித்துக் கொடுக்கும் சேவையை 2017ல் அறிவித்தது. வண்டியை எடுக்கும் முன் உரிமையாளரை அழைத்து, அந்தக் காரோடு அவருக்கு என்ன உறவு என்று உட்கார்ந்து பேசுகிறார்கள். உற்பத்தி நின்றுபோன பாகங்கள் சிலவற்றை மறுபடி செய்யவும் ஆரம்பித்தார்கள்: துணிக்கூரை, நார்டி மர ஸ்டியரிங், 185/60 அளவு 14 அங்குல டயர். கூரை உங்களுக்கும் தேவைப்படலாம், பாகம் விற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கூரையில்லாதவன், மார்ச் 5

முடிவு செய்துவிட்டேன், இதே உடலைச் சரிசெய்கிறேன். வேகமுள், கோபம் வேண்டாம். இரண்டு வருடம் கழித்து "சொன்னேனே" என்று எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அண்ணா, வெல்டிங் எனக்குத் தெரியாது. கற்றுக்கொண்டு இதில் கைவைக்கலாமா?

பழைய இரும்பு, மார்ச் 6

பழைய தகட்டுத் துண்டுகளில் கற்றுக்கொள்ளுங்கள், இதில் வேண்டாம். கூரை உள்ள கார் என்றால் மேலே ஒரு சட்டம் தாங்கும். இது திறந்த கார். கதவடித் தகட்டுப் பெட்டியும் இருக்கைகளுக்கு நடுவே ஓடும் தகட்டுச் சுரங்கமும்தான் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. தெரியாமல் வெட்டினால் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு பூட்டாது.

ஆனால் வெல்டரின் நேரத்துக்குத்தான் காசு. அவர் வருவதற்கு முன் செய்யக்கூடியதை நீங்களே செய்தால் கூலி பாதியாகும். இருக்கைகளைக் கழற்றுங்கள். கம்பளம், பஞ்சு எல்லாம் வெளியே. பெட்ரோல் டேங்க் இருக்கைகளுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதை மறந்துவிட்டுக் கிரைண்டரைத் தொடாதீர்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். டிக்கியில் இருக்கும் பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள். நுரையை ஒரு துளி விடாமல் தோண்டி எடுங்கள். அது எரிந்தால் வரும் புகை உயிருக்கே கெடுதல்.

வெட்டுவதற்கு முன் கதவைப் பூட்டி, கதவுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, பென்சிலால் கதவிலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மூன்று எண்ணும் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளித்தகட்டை வெட்டியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். உள்ளே இன்னொரு தகடு நிற்கும். பெரும்பாலும் அதன் அடியோரமும் பிஸ்கட் மாதிரி உதிரும். அதைச் சரிசெய்யாமல் வெளியே புதுத் தகடு ஒட்டுகிற ஆட்கள் உண்டு. உங்கள் வெல்டர் அப்படிப்பட்டவரா என்று அறிய, "உள்தகட்டுக்கு என்ன செய்வீர்கள்" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

கூரையில்லாதவன், ஏப்ரல் 20

தாமதத்துக்கு மன்னிக்கவும். வெல்டிங் முடிந்தது. நான்கு பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் "அதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்" என்றார். மூன்றாமவர் தொலைபேசியை வைத்துவிட்டார். நான்காமவர் கேள்வி முடிவதற்குள்ளேயே, உள்தகடு எதுவரை போயிருக்கிறது என்று என்னைத் திருப்பிக் கேட்டார். அவர்தான் வந்தார்.

உள்தகட்டின் அடியோரம் ஒரு முழ நீளத்துக்கு அண்ணா சொன்ன அதே பிஸ்கட். 0.6 மில்லிமீட்டர் வெல்டிங் கம்பியில், இங்கே ஒரு அங்குலம், அங்கே ஒரு அங்குலம் என்று இடம் மாற்றி மாற்றி ஒட்டினார். ஒரே ஓட்டமாகப் போனால் சூட்டில் தகடு நெளியுமாம். கடைசியில் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே கோடாகிவிட்டது. கதவில் எழுதிய மூன்று எண்களும் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. இரண்டு நாள் கூலி. உடைத்தல், தோண்டல், தேய்த்தல் எல்லாம் என் ஆறு வார இறுதிகள்.

அடைத்திருந்த குழாய் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து வந்தது மூன்று கரண்டி கருப்புச் சேறு, சைக்கமோர் மரத்தின் விதைகள், ஒரு சாக்லேட் காகிதத்தின் மூலை. இவ்வளவு சேதத்துக்கும் காரணம் அந்த மூன்று கரண்டிதான். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பை மேலிருந்து மெதுவாக விட்டு எடுத்தேன். காற்றழுத்தத்தால் ஊதலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் கம்ப்ரஸரைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழாய் மேலே கழன்றுகொள்ளும் என்று எங்கோ படித்த நினைவு, மறுத்துவிட்டேன்.

பழைய இரும்பு, ஏப்ரல் 20

மறுத்தது நல்லது. கழன்ற குழாயை மறுபடி மாட்டக் கை போகாது. புதுத் தகட்டுப் பெட்டிக்குள் மெழுகு அடித்தீர்களா? நீளமான குழாய் முனையுள்ள மெழுகுத் தெளிப்பான் கிடைக்கும். அடியிலுள்ள சின்ன வடிகால் ஓட்டைகளை மெழுகு அடைத்துவிடாமல் ஒரு கம்பியால் குத்தி விடுங்கள்.

மெல்பர்ன் வெயில் (மெல்பர்ன்), ஏப்ரல் 22

எனக்கு நேரெதிர்ப் பிரச்சினை. 1990 எம்எக்ஸ்-5, இங்கேயே புதிதாக விற்றது, துரு என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் டாஷ்போர்டு வெயிலில் வெடித்துவிட்டது, பின் பிளாஸ்டிக் ஜன்னல் பழுப்பேறிவிட்டது. ஆளுக்கொரு தண்டனை.

நீங்கள் டைமிங் பெல்ட்டை மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மாற்ற வேண்டிய கணக்கு 1,00,000 கிலோமீட்டர். ஆறுதல் என்னவென்றால், இந்த 1.6 எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது. நடுரோட்டில் நிற்கும், அவ்வளவுதான். நானே மாற்றினேன், இரண்டு நாள் ஆனது. வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளின் இரண்டு பற்சக்கரங்களில் உள்ள குறிகளுக்கு நடுவில் பெல்ட்டில் 19 பற்கள் எண்ண வேண்டும். எண்ணுங்கள், கிராங்க்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) இரண்டு முழுச் சுற்றுக் கையால் சுற்றுங்கள், மறுபடி எண்ணுங்கள். முதல் தடவை எனக்கு 20 வந்தது.

உங்களுடையது 1991 என்பதால் இன்னொன்று. எஞ்சினை ஓட விட்டு, முன்னால் கிராங்க் புல்லி தள்ளாடுகிறதா என்று பாருங்கள். ஆரம்பகாலக் கிராங்க் முனை குட்டை. பற்சக்கரம் நழுவாமல் பிடிக்கும் சின்ன இரும்புச் சாவிக்கட்டை உட்காரும் பள்ளம் தேய்ந்துபோனால் டைமிங் விலகி எஞ்சின் இழுவை குறையும். புல்லியின் நடுவில் நான்கு வெட்டு தெரிந்தால் குட்டை வகை, எட்டு என்றால் பின்னால் வந்த நீள வகை. முன்பு பெல்ட் மாற்றியவர் நடுப் போல்ட்டைச் சரியான முறுக்குக்குப் பூட்டாமல் விட்ட கார்களில்தான் இது அதிகம் வருகிறது.

கூரையில்லாதவன், மே 11

அக்கா, நான்கு வெட்டு. நெஞ்சு படபடத்தது. பத்து நிமிடம் வெறித்துப் பார்த்தேன், புல்லி ஆடவில்லை. பெல்ட், வாட்டர் பம்ப் இரண்டும் மாற்றியாயிற்று. 19 பற்கள், மகளையும் எண்ணச் சொன்னேன். முறுக்கை அளந்து பூட்டும் டார்க் ரென்ச் இல்லாமல் நடுப் போல்ட்டைத் தொடவில்லை.

இப்போது புதுச் சிக்கல். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஆயில் சொட்டுகிறது. பக்கத்து கராஜ் ஒன்றில் காட்டினேன். பின் ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று ஒரு பெரிய தொகை சொன்னார்கள்.

யாழ் ரயர்கடை, மே 11

பொறுங்கள் தம்பி, காசை எடுக்க வேண்டாம். ஆயில் மேலேயிருந்து கீழே வழிகிற பொருள். சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம், தடுப்புச் சுவரை ஒட்டி, கேம் சுழல்வதைப் பார்த்து எஞ்சின் கணினிக்குச் சொல்கிற ஒரு சென்சார் செருகியிருக்கும். அதன் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம். வயதானால் கல்லாக இறுகிவிடும். அங்கே கசிவது பின்னால் வழிந்து சரியாகக் கியர்பாக்ஸ் மூட்டில் சொட்டும். ஒரு சின்ன வளையத்துக்காகக் கியர்பாக்ஸை இறக்கிய கதைகள் உலகமெங்கும் உண்டு.

முதலில் எல்லாவற்றையும் துடையுங்கள். ஒரு நாள் ஓட்டுங்கள். பிறகு கண்ணாடியும் டார்ச்சும் வைத்து மேலே பாருங்கள். அங்கே ஈரம் என்றால் அதுதான். சென்சாரைக் கழற்றும் முன், அது நிற்கிற கோணத்தை ஹெட்டில் ஒரு கீறலாகக் குறியுங்கள்.

மெல்பர்ன் வெயில், மே 12

கீறல் இருந்தாலும் கடைசியில், தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் விளக்கு வைத்துச் சரிபாருங்கள். பானெட்டுக்குள் இருக்கும் சோதனைப் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி என்ற இரண்டு துளைகளை ஒரு கம்பியால் இணைத்த பிறகே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கணினி தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கும். குறி 10 டிகிரியில் நிற்க வேண்டும்.

கூரையில்லாதவன், ஜூன் 8

வளையம்தான்! ஒரு கோப்பைத் தேநீர் விலைகூட இல்லை. விரலால் அழுத்தினால் வளையவில்லை, சுள்ளி மாதிரி இரண்டாக ஒடிந்தது. ஒடிந்த துண்டைச் சாவிக்கொத்தில் கட்டி வைத்திருக்கிறேன்.

நேற்று எம்.ஓ.டி. தேறியது. ஒரே ஒரு குறிப்பு, பின் டயர் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று. சோதித்தவர் காருக்கு அடியில் டார்ச் அடித்து வெல்டிங் கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். "யார் செய்தது?" என்று மட்டும் கேட்டார். எண் கொடுத்தேன்.

பெயின்ட் அடிக்கவே இல்லை. பாலிஷ் போட்டதில் பானெட் பாதி சிவப்பாகிவிட்டது, மீதி அடுத்த வருடம். ரேடியோ ஜப்பானுடையது, எஃப்எம்மில் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் எடுக்கிறது, அதனால் எனக்குக் கிடைப்பது இரண்டே நிலையம். பழகிவிட்டது.

இன்று காலை இரண்டு பக்கமும் ஒவ்வொரு குவளை ஊற்றினேன், இரண்டு பக்கமும் விழுந்தது. மதியம் வேல்ஸ் கிளம்புகிறோம்.

வேகமுள், ஜூன் 8

தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்ளவில்லை, இரண்டு வருடம் இருக்கிறது. ஆனால் படம் போடுங்கள்.

ஹிரோஷிமா மழை, ஜூன் 8

கிளம்பும் முன் ஒன்று. கூரையை மடிக்கும்போது பின் ஜன்னலின் ஜிப்பைத் திறந்து, பிளாஸ்டிக்கைத் தட்டையாகப் படுக்க வைத்த பிறகுதான் மடிக்க வேண்டும். ஜிப்போடு அப்படியே மடித்தால் நடுவில் நிரந்தரமாகக் கோடு விழும்.

கூரையில்லாதவன், ஜூன் 9

இதை இப்போதுதான் பார்க்கிறேன். ஜன்னலின் நடுவில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, ஒரு கோடு.